பல்கலைக்கழகத் தொழில்முனைவோர் கழகம்: மேடைக்கு ஒரு மதிப்பெண், மேசைக்கு ஒரு மதிப்பெண்

கோலாலம்பூரில் உள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் கழகத்துக்கு வழிகாட்டியாகவும் போட்டி நடுவராகவும் சில பருவங்களாகப் போய் வருகிறேன். பிரிக்பீல்ட்சில் நிறுவனச் செயலர் தொழில் செய்கிறவன் என்பதால், வணிகப் பதிவையும் கணக்கு எழுதுவதையும் மாணவர்களுக்குச் சொல்லித் தரும்படி அழைத்தார்கள். தலைநகரின் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் ஏறத்தாழ இதே அச்சில் கழகங்கள் இருப்பதால் பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் அது போதும். என் தீர்ப்பு இதுதான்: தாராளமாகச் சேரலாம். ஆனால் கழகம் சுவரொட்டி ஒட்டிக் கொண்டாடும் பிட்சிங் போட்டியை, அதாவது வணிக யோசனையை நடுவர்கள் முன் பேசி விளக்கும் போட்டியை, நம்பிச் சேர வேண்டாம்; அது அதிகம் பேசாத வெள்ளிக்கிழமை விற்பனை மேசையை நம்பிச் சேருங்கள்.

உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்குப் பத்து ரிங்கிட். முதல் கூட்டத்தில் விரிவுரை மண்டபத்தின் படிகளில்கூட ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பருவத்தின் நடுவில் முன்வரிசைகள் மட்டுமே மிஞ்சும். புறப்பாட நடவடிக்கைப் புள்ளிகள் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் விடுதியில் இடம் கிடைக்கும் என்பதால், பாதிப் பேர் புள்ளிக்காகவே பெயர் கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் வெளியே ஓர் அறை எடுக்க ஆகும் செலவையும், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனில் கைக்கு வரும் தொகையையும் அறிந்தவர்கள் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். விலகுகிறவர்கள் விலகிய பிறகுதான் கழகத்துக்கு உயிர் வருகிறது என்பதும் உண்மை.

பிட்சிங் இரவைப் பார்ப்போம். ஐந்து நிமிடப் பேச்சு, பத்துப் பன்னிரண்டு படவில்லைகள், ஒன்பது கட்டங்கள் கொண்ட வணிக மாதிரி அட்டவணை, இறுதியில் ஆள் உயரக் காசோலையோடு ஒரு புகைப்படம். மாணவர்களின் பேச்சுத் திறனைக் குறை சொல்வதற்கில்லை. என் தலைமுறையில் பட்டம் வாங்கியவர்கள் ஒலிபெருக்கியைக் கண்டாலே நடுங்கியதை நினைத்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் சந்தை அளவு என்ற வில்லை வரும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வந்துவிடும். நாட்டின் மக்கள்தொகையை எடுத்து, அதில் நூற்றுக்கு ஒருவர் வாங்கினால் போதும் என்று பெருக்கிக் காட்டுவார்கள். அந்த நூற்றில் ஒருவர் யார், எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறார், எதற்காகப் பணப்பையைத் திறப்பார் என்று கேட்டால், கருத்துக்கணிப்பு நடத்தியிருக்கிறோம் என்று பதில் வரும். அந்தக் கருத்துக்கணிப்புப் படிவத்தை நிரப்பியவர்கள் பெரும்பாலும் அதே விடுதி வாட்ஸ்அப் குழுவின் நண்பர்கள்தாம். இதுவரை காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்ற கேள்வி நடுவர்களுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண் தாளிலேயே இல்லை. அதைச் சேர்க்கும்படி நான் எழுதிக் கொடுத்த பிறகும் இன்றுவரை சேர்க்கவில்லை.

இந்தப் போட்டியைத் தொடங்கி வைக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் கிராப் நிறுவனத்தின் கதையைச் சொல்கிறார்கள். அந்தோணி டானும் டான் ஹூய் லிங்கும் 2011இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் போட்டியில் இரண்டாமிடம் பெற்று, 2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் சேவையைத் தொடங்கிய வரலாறு அது. கதை சரியானதுதான், சொல்லும் இடம்தான் தவறு. போட்டியில் பரிசு பெற்றதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு டாக்சி ஓட்டுநர்களை நேரில் சந்தித்துப் பேசி, திறன்பேசியையே பழகாதவர்களையும் செயலிக்குப் பழக்கிய உழைப்பை யாரும் விரித்துச் சொல்வதில்லை. மாணவர்களுக்குத் தெரிய வேண்டியது அந்தப் பகுதிதான்.

அந்தப் பகுதியைக் கழகம் தன்னை அறியாமலேயே கற்றுக்கொடுக்கும் இடம் விற்பனை மேசை. வெள்ளிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகும் நடைபாதையில் ஐந்தாறு மடக்கு மேசைகளைப் போட்டு, உறுப்பினர்கள் தங்கள் பொருளை விற்க அனுமதிக்கிறார்கள். கைபேசி உறை, தைத்த துணிப்பை, கெரிப்பாப் பலகாரம், கையால் செய்த காதணி என்று எதுவும் வரும். மேசைக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை உண்டு. விற்று முடித்ததும் பொருளாளர் வைத்திருக்கும் தாளில் அன்றைய கணக்கை முழுவதுமாக எழுத வேண்டும். மூலப்பொருள், பொட்டலம், போக்குவரத்து ஆகியவற்றோடு, செலவழித்த உழைப்பு மணி என்று ஒரு பத்தியும் அந்தத் தாளில் இருக்கிறது. அந்தப் பத்தியைச் சேர்த்த முன்னாள் பொருளாளர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

கிள்ளான் பக்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் அம்மா சுட்ட அச்சுமுறுக்கைக் கொண்டு வந்தார். பாக்கெட் ஐந்து ரிங்கிட், நாற்பது பாக்கெட்டும் நண்பகலுக்குள் விற்றுத் தீர்ந்தன. இருநூறு ரிங்கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தவரிடம் தாளைக் கொடுத்தார்கள். மாவு, தேங்காய்ப்பால், முட்டை, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து 92 ரிங்கிட். பொட்டலமும் ஒட்டுத்தாளும் 18. கொமுட்டர் ரயிலும் மற்ற போக்குவரத்தும் 12. மிச்சம் 78 ரிங்கிட். உழைப்பு மணி என்ற இடத்தில் முதலில் கோடு போட்டார், பொருளாளர் விடவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுப் பத்து என்று எழுதினார். மணிக்கு 7 ரிங்கிட் 80 சென். 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், அதாவது மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். பக்கத்து மேசைக்காரர் இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் விலையை ஆறு ரிங்கிட் ஆக்கினார். நான்கு பாக்கெட் மிஞ்சியது; ஆனாலும் அம்மாவின் கூலி மணிக்கு 9 ரிங்கிட் 40 சென்னாக உயர்ந்தது. என் அலுவலகத்துக்கு வரும் சிறுவணிகர்களில், இருபது ஆண்டு கடை நடத்தியும் இந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம், பதிவு ஆகியவற்றைப் பற்றிக் கழகம் தரும் ஆலோசனை இந்தத் தரத்தில் இல்லை. மூத்த உறுப்பினர்கள், ஸ்டார்ட்அப் என்றாலே செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாகத்தான் பதிய வேண்டும் என்ற எண்ணத்தை இளையவர்கள் மனத்தில் விதைத்துவிடுகிறார்கள். வணிகங்களையும் நிறுவனங்களையும் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில், ஒருவரே உரிமையாளரான தனியுரிமை வணிகத்தைச் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிய 60 ரிங்கிட். பதினெட்டு வயது நிரம்பிய குடிமகனோ நிரந்தரவாசியோ பதியலாம். வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். நிறுவனமாகப் பதிவதற்கோ கட்டணம் மட்டுமே 1,000 ரிங்கிட். பதிந்த 30 நாளுக்குள் செயலரை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், விற்பனையே இல்லாவிட்டாலும் கடமை நிற்காது. என் தொழிலுக்கு வாடிக்கையாளர் கிடைப்பது எனக்கு நல்லதுதான் என்றாலும், காதணி விற்கும் மாணவர் எனக்கு மாதக் கட்டணம் கொடுப்பதில் நியாயம் ஏதும் இல்லை. பங்குதாரர்களும் முதலீடும் உண்மையாகவே கதவைத் தட்டும்போது நிறுவனமாக மாறிக்கொள்ளலாம்.

நிதி உதவி பற்றிய கழகத்தின் படவில்லைத் தொகுப்பும் தூசி தட்டப்பட வேண்டியது. 2014இல் சைபர்ஜெயாவில் அதிபர் ஒபாமா முன்னிலையில் தொடங்கிய மேஜிக் என்ற தொழில்முனைவோர் மையத்தை இன்னும் தனி நிறுவனமாகவே காட்டுகிறார்கள். அது 2021இல் புக்கிட் ஜாலில் தொழில்நுட்பப் பூங்காவோடு இணைந்து மிராந்தி என்ற அமைப்பு ஆகிவிட்டது. 2003இல் அமைந்த க்ரேடல் என்ற அரசாங்க நிதி நிறுவனத்தின் சி.ஐ.பி. ஸ்பார்க் திட்டத்தில் 150,000 ரிங்கிட் வரை மானியம் உண்டு என்று சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அந்த மானியம் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்ட யோசனைகளுக்கு. துணிக்கடையோ உணவுக்கடையோ நடத்தும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிட உடனடியாகப் பயன்படக்கூடிய, டெக்குன் என்ற அரசாங்க அமைப்பின் சிறுதொழில் கடனுதவியும், அதில் இந்தியச் சமூகத்துக்கென உள்ள ஸ்பூமி திட்டமும் அந்தத் தொகுப்பில் எங்குமே இல்லை. செயற்குழுவில் இந்திய மாணவர்கள் இருந்த ஆண்டிலும் இல்லை. தமிழ் மாணவர்களே தங்கள் அம்மாவின் தையலையும் அப்பாவின் பூக்கடையையும் ஸ்டார்ட்அப் என்று எண்ணத் தயங்குவதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. அச்சுமுறுக்கு மேசைக்கு வந்தவரைப் போட்டிக்கும் பெயர் கொடுக்கச் சொன்னேன். செயலி இல்லையே என்றார்.

வெளிப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் கழகம் கண்டிப்பாக இருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், தன்னம்பிக்கை உரை என்று வந்தவர் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆள் சேர்க்கும் திட்டத்துக்குத் தாவிவிட்டார். தலைக்கு இவ்வளவு கட்டி, கீழே இத்தனை பேரைச் சேர்த்தால் இவ்வளவு வருமானம் என்ற பழைய பாட்டுதான். நேரடி விற்பனைக்கும் பிரமிட் திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. உரிமம் இருக்கிறதா என்று அன்று ஒரு மாணவர் எழுந்து கேட்டது பாராட்டத்தக்கது. அந்தக் கேள்வியைச் செயற்குழு அழைப்பு அனுப்பும் முன்பே கேட்டிருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு செயற்குழு மாறும் வழக்கம். புதிய தலைவர் வரும்போது பழைய தலைவரின் தொடர்புகள் அவருடைய கைபேசியோடு போய்விடுகின்றன. பொட்டலம் மலிவாகக் கொடுத்த செந்தூல் கடைக்காரரை ஒவ்வொரு குழுவும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2024இல் செய்யப்பட்ட திருத்தம், மாணவர் அமைப்புகள் தாமே நிதி திரட்டிக் கையாள வழிவிட்டுள்ளது. பணத்தைக் கையாளும் உரிமை வந்த பிறகு கோப்புகளை ஒப்படைக்கும் ஒழுங்கும் வந்தாக வேண்டும். மேசைக் கணக்குத் தாள்கள் மட்டும் எப்படியோ தப்பி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கைமாறி வருகின்றன. தற்போதைய பொருளாளர் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

சமூகத்துக்குப் பயன்படும் தொழிலில் ஆர்வம் உள்ளவர்கள் தங்கள் வளாகத்தில் எனாக்டஸ் என்ற மாணவர் அமைப்பின் அணி இருந்தால் அதையும் பார்க்கலாம்; 1975இல் அமெரிக்காவில் சைஃப் என்று தொடங்கி 2012இல் பெயர் மாறிய அமைப்பு அது. போட்டி அங்கும் உண்டு, ஆனால் ஒரு சமூகத்தின் வருமானம் உயர்ந்ததா என்று காட்டியாக வேண்டும். நான் எழுதும் இந்தக் கழகத்தில் சேர்வதானால், பருவத்தின் முதல் வாரத்திலேயே மேசைக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் முதலில் நிரம்பிவிடும். உணவு விற்க எண்ணுகிறவர்கள் உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழையும் டைபாயிட் தடுப்பூசி அட்டையையும் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவை இல்லாமல் போனால் பொருளாளர் மேசை தர மாட்டார்.