ஒரே ஒரு ஜோடி: நார்தாம்ப்டனா, புடாபெஸ்டா, ஃப்ளாரன்ஸா?

ஐரோப்பா போகிறேன், கையால் செய்த நல்ல தோல் ஷூ ஒன்று வாங்க வேண்டும், எங்கே வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "எத்தனை நாள் இருப்பீர்கள்? அதே ஊருக்கு மறுபடி போவீர்களா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பணக் கணக்கு அப்புறம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன், ஹங்கேரியின் புடாபெஸ்ட், இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் ஆகிய மூன்று ஊரிலும் உலகத் தரமான ஷூ கிடைக்கும். ஆனால் ஊருக்கு ஊர் விற்பது வேறு வேறு பொருள். நாலு நாள் தங்குகிறவருக்குப் பொருந்துவது ஆறு மாதம் கழித்து மீண்டும் வருகிறவருக்குப் பொருந்தாது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஷூவின் மேல்தோலையும், உள்ளே பாதம் படும் இன்சோலையும் சேர்த்து, சுற்றிலும் ஒரு தோல் பட்டை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டைக்குத்தான் வெல்ட் என்று பெயர். அடி சோலை இந்தப் பட்டையோடு சேர்த்துத் தைப்பதால், சோல் தேய்ந்த பிறகு மேல்தோலில் கை வைக்காமலே பழையதைப் பிரித்துப் புதிது போடலாம். பசையால் ஒட்டிய ஷூவில் இந்த வசதி இல்லை. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

நார்தாம்ப்டனில் இந்தத் தையலை மெஷின் போடுகிறது. ரப்பரைப் பதப்படுத்திய சார்லஸ் குட்இயரின் மகன் பெயரோடு சேர்ந்து வந்த முறை; குட்இயர் வெல்ட் என்பார்கள். இன்சோலின் அடியில் துணியாலான ஒரு விளிம்பை ஒட்டி, அதில் தையலைப் பிடிக்க வைப்பார்கள். உறுதியானது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் தோல் வெட்டுவது, மேல்பாகம் தைப்பது, மெருகேற்றுவது என்று பல இடங்களில் கைவேலை இருந்தாலும் இதை முழுக்கக் கையால் செய்தது என்று சொல்ல முடியாது.

புடாபெஸ்டில் அதே தையலை ஆள் உட்கார்ந்து போடுகிறார். மரப்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்ட கனமான தோலை இன்சோலாக எடுத்து, அதன் ஓரத்திலேயே கத்தியால் ஒரு மேடு செதுக்குவார். வளைந்த குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனைகளையும் அந்த ஒரே துளைக்குள் எதிரெதிர்ப் பக்கமிருந்து விட்டு இழுப்பார். இழுக்கும்போது நூல் கையை அறுத்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் தோலுறை. இதில் ஒட்டிய துணி விளிம்பு கிடையாது, தோலைத் தோலே பிடித்திருக்கும். சில மாதம் போட்டு நடந்தால் அந்த இன்சோலில் உங்கள் விரல்கள் ஐந்தும் தடம் பதித்துவிடும்.

புடாபெஸ்டில் இப்படி ஷூ செய்யும் லாஸ்லோ வாஷின் கடை, வாட்சி வீதியை ஒட்டிய ஹாரிஷ் கோஸ் என்ற சந்தில் இருக்கிறது. பலகையைப் பார்த்து நாம் வாஸ் என்று படிப்போம். ஹங்கேரியர்கள் சொல்வது வாஷ். இப்படிக் கையால் வெல்ட் தைத்த ஷூவை ரெடிமேடாகவே அளவு பார்த்து வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்பதுதான் பயணிக்குப் பெரிய விஷயம். அளந்து செய்து தரவும் செய்வார்கள்; ஆனால் அதற்குப் பல மாதம் பிடிக்கும்.

சரி, அப்படியானால் நார்தாம்ப்டனுக்கு ஏன் போக வேண்டும்? கால் பொருத்தத்துக்காக. லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் ஊர் வந்துவிடும். ட்ரிக்கர்ஸ் 1829, சர்ச்சஸ் 1873, க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் 1879, எட்வர்ட் கிரீன் 1890 என்று, தொடங்கிய ஆண்டோடு சொன்னால், தலைமுறைகள் கண்ட ஷூ கம்பெனிகள் ஒரே ஊரில். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே செருப்புத் தைப்பவர்கள் என்றுதான் செல்லப்பெயர். சில கம்பெனிகள் தொழிற்சாலைக் கடையும் வைத்திருக்கின்றன. தோலில் சின்னக் கோடு, மெருகில் சின்ன வித்தியாசம் என்று ஒதுக்கிய செகண்ட்ஸ் ஜோடிகள் அங்கே நல்ல தள்ளுபடியில் கிடைக்கும். எட்வர்ட் கிரீனில் முழு விலை 1,000 பவுண்டைத் தாண்டிவிட்ட நிலையில் இது சின்ன விஷயமில்லை.

அதைவிட முக்கியம், ஆங்கிலக் கம்பெனிகள் பலவும் நீளத்தோடு அகலத்துக்கும் தனி அளவு வைத்திருப்பது. இ, எஃப், ஜி என்று எழுத்து ஏற ஏற அகலமும் ஏறும். செருப்புப் போட்டும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல் பக்கம் அகலம், குதிகால் பக்கம் ஒடுக்கம். விரல் இடிக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம். பிறகு குதிகால் கழன்று கழன்று வரும். இதற்கு மருந்து அகலம்தானே தவிர நீளம் இல்லை. அரை சைஸ் வித்தியாசம் நாலு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நம் ஊரில் 8ஆம் நம்பர், 9ஆம் நம்பர் என்பதும் பிரிட்டிஷ் கணக்குதான் என்பதால் குழப்பமும் குறைவு. ஆனாலும் நம்பரை நம்பாமல் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு லாஸ்டுக்கும், அதாவது ஷூவை எந்தக் கால் அச்சின் மேல் இழுத்துக் கட்டுகிறார்களோ அதற்கும், பொருத்தம் மாறும். புடாபெஸ்ட் பெயரிலேயே ஒரு லாஸ்ட் வாஷிடம் இருக்கிறது. முன்பக்கம் நல்ல இடம் விட்ட, உருண்ட மூக்கு. அகலக் கால்காரர்கள் அங்கே முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஃப்ளாரன்ஸைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மரியாதை அதிகம், பரிந்துரை குறைவு. மறைந்த ஷூ கைவினைஞர் ஸ்டெஃபானோ பெமரின் பட்டறை இப்போது சான் நிக்கோலோ பகுதியில் ஒரு பழைய சிற்றாலயத்துக்குள் நடக்கிறது. நடிகர் டேனியல் டே லூயிஸ் பெமரிடம் தொழில் கற்கப் போய் உட்கார்ந்தவர். உங்கள் காலுக்கென்றே மர அச்சு செதுக்கி, ஒத்திகை ஷூ போட்டுப் பார்த்து, திருத்தி, பிறகு அசலைச் செய்வார்கள். பாதத்தில் பிரச்சினை உள்ளவருக்கு இதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் ஒத்திகைக்கு நீங்கள் நேரில் இருக்க வேண்டும். அளவு மட்டும் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, தபாலில் வரட்டும் என்று காத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவ்வளவு காசு கொடுத்து ஒத்திகையை விட்டுவிட்டால் அளந்து செய்வதன் பாதிப் பயன் போய்விடும்.

அதே ஊரில் சாதாரணக் கடைகளில் தொங்கும் மெல்லிய, அழகான ஷூக்களில் பல பிளேக் தையல். வெல்ட் இல்லாமல் இன்சோலையும் அடி சோலையும் ஒரே தையலாகக் குத்துவது. எடை குறைவு, நன்றாக வளையும். தண்ணீரில் நடந்தால் தையல் வழியே ஈரம் ஏறும்.

வரிக் கணக்கு இப்படி: ஹங்கேரியில் மதிப்புக் கூட்டு வரி 27 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம், இத்தாலியில் 22. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் கடையில் படிவம் வாங்கி, ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க முத்திரை பெற்றால், கட்டணம் போக மீதி திரும்பி வரும். ஷூவைப் போட்டு நடந்துவிடாமல் பெட்டியோடு காட்டுங்கள். சூட்கேஸை ஒப்படைப்பதற்கு முன்பே காட்டுங்கள். இங்கிலாந்தில் 20 சதவீத வரி. 2021 ஜனவரி முதல் பயணிகள் கையோடு எடுத்து வரும் பொருளுக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஐரோப்பியக் கடை என்பதற்காக மட்டும் எதையும் எடுக்காதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தைத்த ஷூக்கள் அங்கே ஏராளமாக விற்கின்றன. அதில் தவறு எதுவுமில்லை, நல்ல வேலைதான். ஆனால் அதற்காக நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை.

ஆகவே ஒரே பயணம், ஒரே ஜோடி, கைவேலைதான் வேண்டும் என்றால் நான் புடாபெஸ்ட் பக்கம். இதுவரை எந்த ஷூவும் காலுக்குச் சரியாக அமைந்ததில்லை என்கிறவருக்கு நார்தாம்ப்டன். எங்கே போனாலும் கால் சற்றே உப்பியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாகப் போடும் சாக்ஸோடு போங்கள். கம்பளத்தில் நடந்து பார்த்தால் எல்லா ஷூவும் சுகமாகத்தான் இருக்கும், வெறுந்தரையில் நடங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் என்ற கயிறு கட்டும் ஷூவில், கட்டியதும் கயிறு கோக்கும் இரண்டு மடலும் புதிதிலேயே ஒன்றோடொன்று முட்டினால் மேல்பாதத்துக்கு அது தளர்வு. விரலளவு இடைவெளி இருந்தால் நல்லது, தோல் பழகப் பழக அது மூடும்.

சோலையும் யோசித்து எடுங்கள். தோல் சோல் பார்க்க அழகு. ஆனால் ஐப்பசி மழையில் சென்னைத் தெருவில் ஊறிப்போகும். நார்தாம்ப்டனில் டைனைட் ரப்பர் சோல் போட்ட ஜோடியைக் கேளுங்கள். புடாபெஸ்டில் தோல் சோலோடு எடுத்தால், சில வாரம் காய்ந்த தரையில் பழக்கிவிட்டு, மழைக்கு முன்பே மெல்லிய ரப்பர் ஒன்றை அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.