ஐ.எல்., பி.ஓ.பி., டி.ஓ.பி.: குழாய் வரைபடத்தில் எந்த மட்டத்தை எழுதுவது?

குழாய்ப்பாதை வரைபடத்தில் ஆர்.எல். (ஒரு பொது அடிப்படை மட்டத்திலிருந்து மீட்டரில் கணக்கிட்ட உயரம்) 12.450 என்று மட்டும் எழுதியிருந்தால் அது உயரத்தைச் சொல்கிறதே தவிர, குழாயின் அடிக்கு உரிய உயரமா, உச்சிக்கு உரியதா என்று சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு மூன்று சுருக்கெழுத்துகள் போட்டியிடுகின்றன.

உள்விட்டம் 300 மி.மீ., சுவர்த் தடிமன் 40 மி.மீ. கொண்ட கான்கிரீட் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் ஓடும் உட்புற அடிமட்டமான ஐ.எல். (இன்வெர்ட் லெவல்) 12.450 என்றால், வெளிப்புற அடியான பி.ஓ.பி. (பாட்டம் ஆஃப் பைப்) 12.410 ஆகவும், வெளிப்புற உச்சியான டி.ஓ.பி. (டாப் ஆஃப் பைப்) 12.790 ஆகவும் இருக்கும்.

பாதாளச் சாக்கடைக்கு ஐ.எல்.தான் சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கழிவுநீர் தன் எடையால் ஓட வேண்டியிருப்பதால் சாய்வைத் தீர்மானிப்பது உட்புற அடிதான். குழாயின் தடிமன் மாறினாலும் அந்த எண்ணை மாற்ற வேண்டியதில்லை. 30 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மேன்ஹோல்களுக்கு இடையே 150க்கு 1 என்ற சாய்வு கொடுத்தால் கிடைக்கும் இறக்கம் 200 மி.மீ. மட்டுமே. கீழ்முனைக்கு எழுதப்பட்ட ஐ.எல். 12.250 என்பதைக் குழாய் பதிப்பவர் பி.ஓ.பி. என்று எடுத்துக்கொண்டால், அந்த முனை 40 மி.மீ. உயர்ந்து, இறக்கம் 160 மி.மீ. ஆகக் குறைந்து, சாய்வு ஏறக்குறைய 188க்கு 1 ஆகிவிடும். மண் மூடிய பிறகு இந்தப் பிழை யார் கண்ணுக்கும் தெரியாது; வண்டல் படிந்து அடைப்பு ஏற்படும்போதுதான் வெளிப்படும்.

பள்ளம் தோண்டுபவருக்கு பி.ஓ.பி. வசதியானது: அதிலிருந்து 100 மி.மீ. மணற்படுகையைக் கழித்தால் பள்ளத்தின் அடிமட்டம் 12.310 என்று உடனே கிடைத்துவிடுகிறது. ஆலைகளில் வெவ்வேறு விட்டமுள்ள குழாய்கள் ஒரே உத்திரத்தின் மீது கிடக்கும்போதும் அவை அனைத்துக்கும் பொதுவானது பி.ஓ.பி. ஒன்றே.

அழுத்தத்தில் ஓடும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது உட்புறச் சாய்வன்று, மேலுள்ள மண்மூட்டம். ஆகவே பள்ளத்தை மூடுவதற்கு முன் மட்டக்கோலை (உயரம் அளக்கும் அளவுகோலை) குழாயின் உச்சியில் நிறுத்தி எடுக்கும் டி.ஓ.பி.யே அங்கு பொருத்தமானது. முன்சொன்ன அளவுகளையே வைத்துக்கொண்டால், தரைமட்டம் 14.290 என்னும்போது மூட்டம் 1.500 மீட்டர் என்று ஒரே கழித்தலில் தெரிந்துவிடும். மட்டம் பார்க்கும் கருவியின் பார்வைக்கோடு 15.100 என்றால் உச்சியில் மட்டக்கோல் காட்டுவது 2.310, உட்புற அடியில் வைத்தால் 2.650. கோலின் அடி எங்கே நின்றது என்பதை, அளவுகளைப் பதியும் லெவல் புத்தகத்தில் குறிக்காமல் விடுவது பொறுக்க முடியாத அலட்சியம்.

டி.பி., சி.பி. ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. லெவல் புத்தகத்தில் டி.பி. என்பது கருவியை இடம் மாற்றும்போது மட்டக்கோல் நிற்கும் மாற்றுப் புள்ளி. பாதை வரைபடத்தில் குழாய் திசை திரும்பும் புள்ளி. சி.பி.யும் லெவல் புத்தகத்தில் அதே மாற்றுப் புள்ளியைக் குறிக்கலாம், எஃகுக் குழாய் வரைபடத்திலோ அது துருவைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பு.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் தருவது சி.எல். அது குழாயின் மையக்கோடாகவும் இருக்கலாம், மேன்ஹோல் மூடியின் மட்டமாகவும் இருக்கலாம். குறி விளக்கப் பட்டியல் இல்லாத தாளில், பக்கத்திலுள்ள ஐ.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: 300 மி.மீ. குழாய்க்கு வேறுபாடு 0.150 என்றால் மையக்கோடு, 1.840 என்றால் மூடி.