கிருஷ்ணகிரியில் ரஃப் கல் பார்த்துச் சொல்லும் பட்டறை: 200 ரூபாய்க்குத் தகுமா?

கிருஷ்ணகிரியில் கல் என்றாலே கிரானைட்தான். மோதிரத்தில் வைக்கிற கல்லுக்குப் பட்டை தீட்டிக் கொடுக்கிற ஆள் வேண்டுமென்றால் காங்கேயமோ திருச்சியோ போகணும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஊருக்குள்ளேயே ஒரு சந்தில் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார், போர்டு கிடையாது, கடைக்குப் பெயரும் கிடையாது, எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜெய்ப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கட்டிங் செய்து கொடுப்பது போக, கொண்டுபோகிற ரஃப் கல் (இன்னும் வெட்டாத பச்சைக் கல்) பட்டை தீட்டத் தேறுமா தேறாதா என்று பார்த்தும் சொல்கிறார். கையளவு பொட்டலத்துக்கு 200 ரூபாய், அவரிடமே கட்டிங் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்வார்.

நான் கொண்டுபோனது ஆன்லைனில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய கலவை: சிவப்புக் கார்னெட், ஊதா அமெதிஸ்ட், கூடவே அக்வாமரின் என்று சொல்லி விற்ற இளநீலக் கற்களும் கொஞ்சம். போட்டோவில் எல்லாம் பளபளவென்று இருந்தன. அண்ணன் போட்டோவைப் பார்த்ததுமே, "நனைச்சு எடுத்திருக்கான் தம்பி" என்றார். ரஃப் கல்லின் தோல் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். நனைத்தால் அந்த மங்கல் போய் உள்ளே தெளிவாக இருப்பதுபோலத் தெரியும், மேலோட்டமான விரிசல்களும் கண்ணில் படாது. வாங்குகிறவர் காய்ந்த கல்லின் போட்டோவையும் கேட்டு வாங்க வேண்டுமாம்.

அவர் பார்க்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதலில் காய்ந்த கல்லை டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புகிறார். விரிசல் இருந்தால் ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று அடிக்கும். அப்புறம் தண்ணீர்க் கிண்ணம். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் கடைசியாக விளக்கெண்ணெய். தண்ணீரின் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) 1.33, விளக்கெண்ணெய்க்கு 1.48 பக்கம், அமெதிஸ்டுக்கு 1.54. எண்ணெயின் எண் கல்லின் எண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதால் அதில் போட்டதும் தோல் காணாமல் போய் உள்ளே இருக்கிற தூசி, மேகம், நிறப்பட்டை எல்லாம் தெரிகிறது. எடுத்தவுடனே ஏன் எண்ணெயில் போடுவதில்லை என்று கேட்டேன். மேலே திறந்திருக்கிற விரிசலுக்குள் எண்ணெய் புகுந்துவிட்டால் அந்த விரிசலே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். சில வியாபாரிகள் செய்கிற வேலையும் அதுதான்.

கார்னெட்டில் பாதிக்குமேல் தள்ளிவிட்டார். டார்ச்சை அடியில் பிடித்தால் எந்தக் கார்னெட்டும் ரத்தச் சிவப்பாகத் தெரியும், ஆனால் விரலில் போட்டிருக்கும்போது யார் அடியிலிருந்து டார்ச் அடிக்கப்போகிறார்கள்? வாசலுக்கு எடுத்துப்போய் வெள்ளைத்தாளில் வைத்துக் காட்டினார். பெரிய கற்கள் எல்லாம் கறுப்பு. விலை கூடுதலாகப் போட்டிருந்ததும் அந்தப் பெரிய கற்களுக்குத்தான். சின்னதாக வெட்டினால்தான் இந்த ரகத்தில் சிவப்பு திறக்குமாம், சில கற்களை இரண்டாக அறுத்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் கோடு போட்டும் கொடுத்தார்.

அமெதிஸ்டில் நிறம் கல் முழுக்க இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும் ஊதா, மீதி வெறும் பளிங்கு. நான் இதைக் குப்பை என்றே எண்ணியிருந்தேன், அவர் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அந்த ஊதா ஓரம் கீழே கூர்முனைக்கு வருகிற மாதிரி கல்லைப் பிடிகுச்சியில் ஒட்டி வெட்டினால் மேலிருந்து பார்க்கும்போது முழுக் கல்லும் ஊதாவாகத் தெரியும் என்றார். அதே பொட்டலத்தில் நல்ல நிறத்தோடு இருந்த தட்டையான துண்டுகளைத்தான் தள்ளினார். கல்லின் அடிப்பக்கத்துப் பட்டைகள் தேவையான சாய்வுக்குக் குறைந்தால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும், கல்லின் நடுவில் ஓட்டை விழுந்தமாதிரி தெரியும். அமெதிஸ்டுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 40.5 டிகிரி, வெட்டுவது 42, 43 டிகிரியில். அந்தச் சாய்வு கிடைக்க அகலத்தில் பாதிக்கு மேலாவது உயரம் வேண்டும், தட்டைத் துண்டில் அது எங்கே இருக்கிறது?

இளநீலக் கற்களை லென்ஸில் பார்க்கச் சொன்னார். 10 மடங்கு லென்ஸ்தான், உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக்குமிழ். கண்ணாடி. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

விலைக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினார், வாங்குவதற்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு கிராம் 5 கேரட். கிராம் 100 ரூபாய் என்றால் ரஃப் கேரட் 20 ரூபாய்தான், மலிவு என்று தோன்றும். பட்டை தீட்டி முடிக்கும்போது எடையில் கால்வாசி மிஞ்சினால் அது சாதாரணமாக நல்ல கணக்கு, ஆக முடிந்த கல்லுக்குக் கேரட் 80 ரூபாய், கட்டிங் கூலி தனி. தேறாமல் தள்ளிய கற்களின் காசையும் தேறின கற்களின் தலையில் ஏற்றிப் பார்த்தால் என் பொட்டலம் படு மோசம்.

நான் உட்கார்ந்திருந்தபோது பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மங்கலான சிவப்பில் ஆறு பக்கக் கல் ஒன்றை மாணிக்கம் என்று துணியில் முடிந்து கொண்டுவந்தார். அந்தப் பக்கம் குருந்தக்கல் கிடைப்பது பழைய சேதிதான், மாணிக்கமும் அதே இனம்தான், ஆனால் இது வெளிச்சமே புகாத கல். "இது பட்டைக்கு ஆகாதுங்க ஐயா, வேணும்னா பட்டை இல்லாம மேல உருண்டையா தேய்ச்சுத் தரலாம், ஆனா கூலி கொடுக்கிற அளவுக்குப் பெறாது" என்று சொல்லிப் பணம் வாங்காமல் அனுப்பினார். கூலிக்காகத் தலையாட்டியிருக்கலாம், செய்யவில்லை.

குறைகளும் இருக்கின்றன. நம்மிடமிருந்து கல்லை வாங்கி வைக்கும்போது எடை போட்டுச் சீட்டுத் தருவதில்லை, கேட்டால் சிரிக்கிறார். நான் அவர் தராசிலேயே எடை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் இருந்ததால் கண்ணாடி என்று சொன்னாரே தவிர, மற்றபடி இது இன்ன கல், இயற்கையா செயற்கையா என்று உறுதி கேட்டால் ஆய்வகத்துக்குப் போகச் சொல்கிறார், அது நியாயம்தான். கட்டிங் சொன்ன தேதிக்கு வராது. மாம்பழ சீசனில் மண்டி வேலைக்குப் போய்விடுவதால் பட்டறை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள். காலையில் போவது நல்லது, வாசல் வெயில் அப்போதுதான் இருக்கிறது. ஜிபே உண்டு.