மெட்டி ஒலி: 811 எபிசோடையும் இன்று உட்கார்ந்து பார்க்க முடியுமா?

முதலில் கணக்கு. சன் டிவியில் 2002 ஏப்ரலில் தொடங்கி 2005 நவம்பரில் முடிந்த மெட்டி ஒலி சீரியல் மொத்தம் 811 எபிசோடு. விளம்பரம் போக ஒன்று சுமார் 20 நிமிடம் என்று வைத்தால் 270 மணி நேரம். தினம் இரண்டு வீதம் பார்த்தால் 406 நாள் ஆகும். இவ்வளவு நேரத்தைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் ஒரே மூச்சில் பார்த்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். அதற்குக் காரணம் கதையில் இல்லை, சீரியல் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது.

கதை எளிது. மனைவியை இழந்த சிதம்பரத்துக்கு தனம், சரோ, லீலா, விஜி, பவானி என்று ஐந்து பெண்கள். எல்லோரையும் கட்டிக்கொடுக்க வேண்டும். மற்ற கதைகள் கல்யாணத்தோடு முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. இயக்குநர் திருமுருகனின் சாமர்த்தியமும் இங்கேதான். அதற்கு முன் ஓடிய சித்தியும் பின்னால் வந்த கோலங்களும் ஒரு நாயகியின் தோளில் நின்றவை. மெட்டி ஒலியில் ஐந்து புகுந்த வீடுகள், அதாவது ஐந்து டிராக். ஒரு வீட்டில் சண்டை ஓய்ந்தால் அடுத்த வீட்டில் பற்றிக்கொள்ளும். ஒரு நடிகரின் கால்ஷீட் கிடைக்கவில்லை என்றால் அந்த டிராக்கை இரண்டு வாரம் ஆறப்போட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விடலாம்; பார்ப்பவருக்குத் தெரியாது. ஒற்றை நாயகி சீரியலில் அதைச் செய்ய முடியாது.

இந்தியில் அதே காலத்தில் ஓடிய ‘க்யூங்கி சாஸ் பீ கபி பஹு தீ’யை (2000–2008, 1833 எபிசோடு) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது மாளிகை, பட்டு, நகை, கம்பெனிச் சொத்து. அதில் மிஹிர் பாத்திரத்தை மட்டும் அமர் உபாத்யாய், இந்தர் குமார், ரோனித் ராய் என்று மூன்று பேர் அடுத்தடுத்துச் செய்தார்கள். மெட்டி ஒலியில் பிரச்சினை பெரும்பாலும் பணம், அதுவும் சின்னப் பணம்: சீர், செய்முறை, சம்பந்தி வீட்டு மரியாதை. அந்த வகையில் இது 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’குக்குத்தான் நெருங்கிய சொந்தம். அங்கேயும் கீழ் நடுத்தரக் குடும்பம், கட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் பெண்கள். குடும்பக் கட்டுப்பாட்டைக் கதை வழியே சொல்ல மெக்சிகோ டிவி தொடர்களின் பாணியில் திட்டமிடப்பட்ட தொடர் அது. முதல் 13 எபிசோடில் உபதேசம் தூக்கலாக இருந்ததால் ஜனங்கள் முகம் சுளித்தார்கள், பிறகு அதைக் குறைத்துக் குடும்பக் கதையை முன்னால் கொண்டுவந்தார்கள். மெட்டி ஒலி உபதேசமே செய்வதில்லை. ராஜம் மாமியாராக வரும் சாந்தி வில்லியம்ஸையும், அம்மா பேச்சைத் தட்டாத மாணிக்கமாக வரும் சேத்தனையும் பார்த்தாலே போதும், சொல்ல வேண்டியது மண்டையில் ஏறிவிடும். சிதம்பரமாக வரும் டெல்லி குமார் இன்னொரு ரகம். பெண்ணைப் பெற்றுக் கையேந்தி நிற்பவனுக்கு இருக்கும் கூச்சத்தை அந்த உடம்பிலேயே காட்டுகிறார். நடிப்புக்காக மட்டும் பார்ப்பவர்கள் இந்த மூவர் வரும் காட்சிகளைத் தவறவிடக்கூடாது.

இனி எங்கே இழுக்கிறது என்று பார்ப்போம். டெய்லி சீரியலில் ஒரு எபிசோடு என்பது டைட்டில் பாட்டு, நேற்றைய கடைசிக் காட்சியின் மறுஒளிபரப்பு, விளம்பர இடைவேளைக்காக வெட்டப்பட்ட இரண்டு மூன்று துண்டு, கடைசியில் ஒரு முகத்தில் படம் உறைந்து நிற்கும் ப்ரீஸ். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அடுத்து என்ன என்று இழுக்கும் ஒரு கொக்கி இருக்கும். பெரிய கொக்கி வெள்ளிக்கிழமைக்கு. ராத்திரி சமையலை முடித்துவிட்டு ஒரு எபிசோடு பார்த்தவர்களுக்கு இது கச்சிதம். அடுத்தடுத்துப் பத்து பார்த்தால் ஒரே கொக்கி முப்பது தடவை குத்தும்.

அதைவிட மோசம் ரியாக்‌ஷன் ஷாட். கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருவர் ஒரு வரி சொல்கிறார் என்று வையுங்கள். கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் நான்கு நொடி போகும், கூடவே பின்னணி இசை. ஒரு வரிக்கு அரை நிமிடம் காலி. இப்படி நான்கு வரி வந்தால் எபிசோடில் பத்தில் ஒரு பங்கு முகங்களிலேயே போய்விடும். இது சோம்பேறித்தனம் மட்டுமல்ல. ஒளிபரப்பு நேரத்துக்குச் சேனலுக்குக் கட்டணம் கட்டி, விளம்பரத்தைத் தயாரிப்பாளரே விற்றுக்கொள்ளும் ஏற்பாடு சன் டிவி சீரியல்களில் இருந்தது. ஓடுகிற சீரியலை நிறுத்த யாருக்கு மனசு வரும்? நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு எபிசோடு புட்டேஜ் எடுத்தாக வேண்டும். வசனம் போதாத இடத்தை முகம் நிரப்புகிறது. இன்றைய சீரியல்களோடு ஒப்பிட்டால் மெட்டி ஒலி இதில் யோக்கியம் என்றே சொல்வேன். ஸ்லோமோஷன், இடிச்சத்தம், இரண்டு சீரியலைக் கோத்து ஓட்டும் மகாசங்கமம் எல்லாம் இதைத் தொற்றவில்லை.

ஆகவே பார்க்கும் முறை இது. டைட்டில் பாட்டை முதல் நாள் முழுதாகப் பாருங்கள். தினா இசையில் ‘அம்மி அம்மி அம்மி மிதிச்சு’. அதில் ஆடும் சாந்தி, கதையில் இல்லாமலே ‘மெட்டி ஒலி சாந்தி’ என்று பெயர் வாங்கியவர். மறுநாளிலிருந்து பாட்டையும் பழைய காட்சியையும் தாண்டிவிடலாம். வேகத்தை 1.25-க்கு மேல் கூட்ட வேண்டாம், 1.5-ல் வைத்தால் 180 மணி நேரத்தில் முடிந்துவிடும்தான், ஆனால் டெல்லி குமாரின் மௌனங்கள் கெட்டுப்போகும். நாளுக்கு மூன்று எபிசோடு சரியான அளவு.

யூடியூபில் பார்ப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இது பழைய சதுர டிவிக்கு எடுத்த படம். திரை முழுக்க இழுத்துப் பதிவேற்றியதில் எல்லோர் முகமும் உப்பியிருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை உள்ள பதிவே அசல். இரண்டாவது, எபிசோடு எண்ணை நம்பாதீர்கள். இரண்டை ஒன்றாக ஒட்டியோ, நடுவில் ஒன்றை விட்டோ ஏற்றியிருந்தால் வரிசை நகர்ந்துவிடும். முந்தையதின் ப்ரீஸ் முகமும் அடுத்ததின் முதல் காட்சியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பேய், மர்மம், பக்தி, நாகக்கன்னி ரகங்களை விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வரதட்சணைப் பேச்சைக் காதில் வாங்கவே பிடிக்காதவர்களும் ஒதுங்கிக்கொள்ளலாம். தொடர் நெடுக அது வந்துகொண்டே இருக்கும். நேரம் இல்லை, ஆனால் திருமுருகனின் கைவண்ணத்தை ஒரு சிட்டிகை பார்த்தால் போதும் என்பவர்கள், அவர் பின்னால் எடுத்த நாதஸ்வரம் சீரியலின் 1000-ஆவது எபிசோடைத் தேடிப் பாருங்கள். 2014-ல் அதை நேரலையாகவே ஓட்டினார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.