மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா? ஆட்ட மேசைக்கு ஒரு ஃபேன்டசி உலகம்

கூர்க்காது எல்ஃப்கள் வாழும் காடு, குள்ளமான டுவார்ஃப்கள் குடையும் மலை, இடிந்த கோட்டை, அதற்கு அடியில் ஒரு டன்ஜன் (ஆபத்தும் புதையலும் நிறைந்த நிலவறை), பக்கத்தில் பயத்தோடு வாழும் கிராமம். டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடுவது) தொடங்க நினைக்கும் பெரும்பாலான கேம் மாஸ்டர்களுக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு, வேண்டியது இவ்வளவுதான். இதை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அச்சில் வந்த செட்டிங்கை, அதாவது தயாராக எழுதிவைத்த உலகத்தை, வாங்கலாம். கடவுள்கள், கண்டங்கள், வரலாறு என்று மேலிருந்து கட்டிக்கொண்டு இறங்கலாம். ஒரு கிராமத்தில் தொடங்கி விரித்துக்கொண்டே போகலாம். ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து சேர்ந்தே உருவாக்கலாம்.

நான்கையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். ஆட்டக்காரர் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்த ஊரில் யாருக்கும் யாருக்கும் பகை?" அவர் அந்தக் கணமே ஏதாவது செய்யக்கூடிய மாதிரி ஒரு பதிலை இந்த உலகம் தருமா? கேம் மாஸ்டரின் நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருந்தாலும், இந்தக் கேள்விக்கு உதவாத பக்கத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அச்சில் வந்த செட்டிங்கின் பலம் வெளிப்படை. வரைபடம், ஊர்ப்பெயர், கடவுள்கள், பகை எல்லாம் தயாராக இருக்கும். எட் கிரீன்வுட் 1960களில் சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கிய ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகம், 1987இல் ஆட்டத்துக்கான பெட்டித் தொகுப்பாக வெளிவந்தது. அதன்பின் நாவல்கள், கணினி விளையாட்டுகள், புதிய பதிப்புகள் என்று அடுக்கடுக்காகத் தகவல் சேர்ந்துகொண்டே போகிறது. சிக்கலும் அங்கேதான். மேசையில் ஒருவர் எல்லா நாவல்களையும் படித்திருப்பார், இன்னொருவருக்கு எதுவுமே தெரியாது. கேம் மாஸ்டர் ஒன்று சொல்ல, படித்தவர் திருத்துவார். க்ளொராந்தா உலகத்தை உருவாக்கிய கிரெக் ஸ்டாஃபர்டின் வட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: உங்கள் மேசையின் க்ளொராந்தா வேறு மாதிரிதான் இருக்கும் என்பதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்வது. எந்தச் செட்டிங்கை வாங்கினாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

மேலிருந்து கட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை வரலாறு எழுதுவது. அரச பரம்பரை, போர்கள், மூவாயிரம் ஆண்டுக் காலவரிசை. 1975இல் வெளிவந்த டெக்குமெல் உலகம் இந்த வழியின் உச்சம். அதை உருவாக்கிய எம்.ஏ.ஆர். பார்க்கர் மொழியியல் அறிந்த பேராசிரியர், தன் உலகத்து மக்களுக்கு மொழிகளையே படைத்தவர். படிக்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆட்டத்தில் புதிதாக உட்காருபவர், தன் கேரக்டர் யாருக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பதையே கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பொதுவான ஃபேன்டசி வேண்டும் என்று வந்தவருக்கு இது பெரிய சுமை. எழுதும் கேம் மாஸ்டருக்கும் அப்படித்தான்: எழுதியதில் பெரும்பகுதி மேசைக்கு வராமலே போய்விடும்.

இரண்டாவது வகை, உலகத்துக்கு ஒரே ஒரு விதி போடுவது. 1991இல் வந்த டார்க் சன் என்ற செட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிர் உறிஞ்சப்படும். உலோகம் மிக அரிது. இந்த இரண்டிலிருந்தே பாலைவனம் வருகிறது, எலும்பாலும் அப்சிடியன் கல்லாலும் செய்த ஆயுதங்கள் வருகின்றன, சுட்ட மண் நாணயம் வருகிறது, மந்திரவாதியைக் கண்டால் ஊரே வெறுப்பதும் வருகிறது. விதியைக் கேட்ட ஆட்டக்காரர் மீதியைத் தானே ஊகித்துக்கொள்கிறார். காலவரிசை இந்த வேலையைச் செய்யாது.

பொதுவான உலகத்திலும் இது நடக்கும். ஒரு விதியைப் போட்டுப் பார்ப்போம்: இரும்பு படும் உடம்பில் மந்திரம் வேலை செய்யாது. இரும்பு வளையக் கவசம் போட்ட வீரனுக்குக் காயம் பட்டால், குணமாக்கும் மந்திரம் ஏறுவதற்கு அவன் கவசத்தைக் கழற்றியாக வேண்டும், அதுவும் சண்டைக்கு நடுவில். மந்திரவாதியைச் சிறைபிடிக்க ஒரு இரும்புக் கைவிலங்கு போதும். சுரங்கம் டுவார்ஃப்களின் கையில் இருப்பதால் அரசர்கள் அவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. எல்ஃப்கள் ஏன் மரத்தையும் வெண்கலத்தையும் விடுவதில்லை என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. எல்ஃப் எல்ஃபாகவே இருக்கிறது, பெயரைக்கூட மாற்றவில்லை. பெயர் மாற்றுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். எல்ஃப் என்றதும் மேசையில் எல்லாருக்கும் ஒரு பிம்பம் வருகிறது, உடனே திட்டம் போடத் தொடங்குகிறார்கள். அந்தப் பொதுமைதான் இவ்வகை உலகத்தின் பெரிய சொத்து. புதுப்பெயர் வைத்தால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கீழிருந்து கட்டுவதுதான் இந்த ஆட்டத்தின் பிறவிக்குணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் கிரேஹாக் உலகம் 1972 வாக்கில் ஒரு கோட்டைக்கு அடியில் இருந்த டன்ஜனாகத்தான் தொடங்கியது. உலகமாக அச்சேறியது 1980இல். 1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல், ஊருக்கு வெளியே சுற்றித் திரிவதற்கு வேறொரு நிறுவனத்தின் போர்டு கேம் பலகையையே வரைபடமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. உலகம் இன்னும் எழுதப்படவில்லை, ஆட்டம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வழிக்கு நல்ல பாடம் வேண்டுமென்றால், கைகாக்ஸ் எழுதிய பி2 என்ற பழைய மாட்யூலை (தயாராக எழுதிய சாகசப் புத்தகத்தை) பாருங்கள். எல்லையில் ஒரு கோட்டை, சற்றுத் தொலைவில் அரக்கக் கூட்டங்கள் குடியிருக்கும் குகைகள். கோட்டையில் உள்ளவர்களுக்குப் பெயர் கிடையாது, பதவி மட்டும்தான். பெயர் வைப்பது கேம் மாஸ்டர் வேலை. ஒரு குகையை முழுதாகவே அவர் கற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தக் கூட்டத்துக்கு எந்தக் கூட்டம் பகை என்பது எழுதப்பட்டிருக்கிறது. எதை நிரப்ப வேண்டும், எதை விட வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற செட்டிங் குறைவு.

வரைபடத்துக்கு ஆறு மைல் அகல அறுகோணக் கட்டங்கள் போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண நடை ஒரு நாளைக்கு 24 மைல், மெதுநடை 18, வேகநடை 30. ஆக நான்கு, மூன்று, ஐந்து கட்டங்கள், பின்னமே வராது. சமதரையில் நிற்கும் மனிதனுக்கு அடிவானம் ஏறக்குறைய மூன்று மைலில் இருப்பதால், கட்டத்தின் நடுவில் நின்றால் அதன் ஓரம்வரை தெரியும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், சில மாதங்களில் எல்லாக் கிராமமும் ஒன்றுபோல ஆகிவிடும். மேலே சொன்ன ஒற்றை விதி இங்கேதான் கைகொடுக்கிறது. இரும்புச் சுரங்கத்து ஊரும் மந்திரப் பள்ளி இருக்கும் ஊரும் தாமாகவே வேறு வேறாகிவிடும்.

சேர்ந்து உருவாக்கும் வழிக்கு பென் ராபின்ஸின் மைக்ரோஸ்கோப் போன்ற ஆட்டங்களும், "வரைபடம் வரை, வெற்றிடம் விடு" என்பதையே கேம் மாஸ்டருக்கான கொள்கையாக வைத்த டன்ஜன் வேர்ல்டும் உதாரணம். தான் சொன்ன ஊர் எரிந்தால் ஆட்டக்காரருக்கு நிஜமாகவே வலிக்கும்; வேறெந்த வழியிலும் இது இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆனால் தானே கண்டுபிடித்த மர்மத்தை ஒருவர் ஆட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கேரக்டருக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள். "நீ ஏன் ஊரை விட்டு வந்தாய்?" என்பது சரியான கேள்வி. "குகைக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் குகையின் சுவாரசியமே போய்விடும். கீத் பேக்கரின் எபெரான் என்ற செட்டிங்கில் ஒரு நாடே அழிந்ததற்கான காரணத்தை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பதில் ஒவ்வொரு கேம் மாஸ்டர் கையிலும் இருக்கிறது.

என் தேர்வு கீழிருந்து கட்டுவதுதான், மேலிருந்து ஒரே ஒரு விதியோடு. கேரக்டர்களின் சொந்த ஊர்களை ஆட்டக்காரர்களே சொல்லட்டும். முதல் செஷனுக்கு ஒரு கிராமம், ஒரு டன்ஜன், ஒருவரையொருவர் வெறுக்கும் இரண்டு கூட்டம், மூன்று வதந்தி இருந்தால் போதும். வதந்திகளில் ஒன்று பொய்யாக இருக்கட்டும். ஒரே இரவில் முடியும் ஆட்டம் என்றாலோ, தயாரிக்க நேரமே இல்லை என்றாலோ அச்சில் வந்த செட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதிலிருந்து ஒரு பள்ளத்தாக்கை மட்டும் வெட்டியெடுத்தால் போதும். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாராவது அங்கே போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.