டீச்சருக்கு வாழ்த்து அட்டை: ஃபோம் க்ளேயா, மைதா க்ளேயா?

செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு மகள் தன் டீச்சருக்கு அட்டை செய்தாள். மேலே க்ளேயில் ஒரு ரோஜா, இரண்டு இலை வேண்டுமாம். சரி என்று இரண்டு வகையிலும் செய்து பார்த்தோம்.

கடையில் விற்கும் ஃபோம் க்ளே பஞ்சு மாதிரி, கனமே இல்லை. நேராக அட்டையில் ஒட்டலாம், கலரும் அதிலேயே இருப்பதால் பெயின்ட் வேலை மிச்சம், ஒரு நாளில் காய்ந்துவிடும். ஆனால் இதழின் விளிம்பு கொஞ்சம் தடித்துத்தான் நிற்கிறது, ரோஜா பார்க்க முட்டைக்கோஸ் போல இருந்தது.

மைதாவும் ஃபெவிகாலும் சம அளவு எடுத்து, கையில் ஒட்டாமலிருக்க இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு வீட்டிலேயே பிசைந்த க்ளேயில், பட்டாணி அளவு உருண்டையைப் பிளாஸ்டிக் கவருக்கு நடுவே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிய இதழ் வருகிறது. செலவும் குறைவு. தொல்லை காயவைப்பதில்தான். காயக் காயச் சுருங்கும், ஈரமாக ஒட்டினால் அட்டையையும் சேர்த்து வளைத்துவிடும், அதனால் பூவைத் தனியாகக் காயவைத்து அப்புறம்தான் ஒட்ட வேண்டும். மழை நாளென்றால் இரண்டு மூன்று நாள் ஆகும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஞாபகம் வந்தால் ஃபோம் க்ளேதான். நாலு நாள் கையில் இருந்தால் என் ஓட்டு மைதாவுக்கு. எதுவானாலும் புத்தகப் பையில் திணித்தால் நசுங்கும், நாங்கள் காலி ஸ்வீட் பாக்ஸில் வைத்து அனுப்பினோம்.