கல்லடி சைக்கிள் கடை: பக்கத்துக்கு 9 உருண்டை

மட்டக்களப்பில் இன்னமும் சைக்கிளில் திரிகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. கல்லடிப் பழைய பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வேப்பமரத்தின் கீழே ஒரு தகரக் கொட்டில். திருத்துகிறவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

நான் வீடு வீடாகப் போய்க் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். கல்லடிக்கும் புளியந்தீவுக்கும் இடையில்தான் என் நாள் ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று சில்லுக் கம்பிகளைத் தின்னும், மணல் சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் புகுந்துவிடும். போன வருடம் பின்சில்லு கரகரத்தபோது நகரில் வேறொரு கடையில் கொடுத்தேன். சுவர் நிறைய வேத வசனங்கள், ஒலிபெருக்கியில் ஓயாமல் ஆராதனைப் பாடல். ஹப்புக்குள் உருளும் போல்ஸ், அதாவது உருக்கு உருண்டைகள், முழுவதும் புதிதாகப் போட்டதாகச் சொல்லிக் காசு வாங்கினார்கள். மாரி முடிவதற்குள் பழைய சத்தம் திரும்பிவிட்டது.

கல்லடி அண்ணன் அச்சைக் கழற்றி, பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் ஹப்பைக் கவிழ்த்தார். சாதாரண சைக்கிளின் பின்சில்லில் பக்கத்துக்கு 9 உருக்கு உருண்டைகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கால் அங்குலம். என் சில்லின் ஒரு பக்கத்தில் விழுந்தவை 7. அவையும் தேய்ந்த பழசு. மீதி இடத்தைக் கிறீஸ் அப்பி நிரப்பியிருந்தார்கள். “ரீச்சர், நீங்களே எண்ணிப் பாருங்கள்” என்று தாளை என் பக்கம் தள்ளினார். யார் செய்தது என்று கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோதும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு உருண்டை குறைந்தாலும் சில்லு சுற்றத்தான் செய்யும். ஓடுகிறவருக்கு உடனே தெரியாது. பாரம் மிஞ்சியவற்றில் விழுந்து, உருண்டைகள் ஓடும் கிண்ணமும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் கோனும் குழிவிழுந்த பிறகுதான் சத்தம் கேட்கும். இந்தத் தொழிலில் ஏமாற்ற இதைவிட வசதியான இடம் கிடையாது.

அவர் ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். கிண்ணத்தின் உட்புறத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கோனை மட்டும் மாற்றினார், மற்றது இன்னும் நாள் ஓடும் என்றார். புதிய உருண்டைகளைக் கிறீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தபோது உதடு அசைந்தது. செபம் என்று நினைத்துவிடாதீர்கள், எண்ணிக்கொண்டிருந்தார். கோனை இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, மறுபடியும் இறுக்கினார். அடுத்து நெளிவு. பிரேக் கட்டையை அளவாக வைத்து, ரிம் உரசும் இடத்துக் கம்பியை மட்டும் அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகிக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை.

இவரும் நானும் ஒரே சபை. கடைசி வாங்கில் இருப்பார். கை உயர்த்த மாட்டார், சாட்சி சொல்ல எழும்ப மாட்டார், பாட்டில் அவர் குரலை நான் கேட்டதில்லை. ‘ஆவிக்குரிய அனலே இல்லாத மனிதர்’ என்று அவரைப்பற்றி எங்கள் சபையில் பேச்சு உண்டு. நான் ஞாயிறு பள்ளியிலும் வகுப்பு எடுக்கிறேன். ஆராதனை எப்போது முடிகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், கீபோர்டை மூடும்போது என்பார்கள். பெரியவர்களுடைய பதிலும் அநேகமாக அதுதான்.

ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் சில வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், அளவைக் குறைத்து விலையைக் கூட்டி எப்போது விற்கலாம் என்று காத்திருப்பவர்கள். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை, கடையை ஒழுங்காகப் பூட்டியவர்கள்தான். தீர்க்கதரிசி அவர்களைத்தான் பிடித்து உலுக்குகிறார். ரோமருக்கு எழுதும்போது பவுல் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுவே புத்தியுள்ள ஆராதனை என்கிறார். சரீரம் என்றால் கிறீஸ் படிந்த விரலும் சேர்த்தி. பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். தையல் விட்டுப்போனால் மழை யார் தலையில் இறங்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

நேர்மை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தில்லை. முன்பு என் சைக்கிளைப் பார்த்த காத்தான்குடி முஸ்லிம் நானாவும் இதே சுத்தம். ஆனால் கல்லடி அண்ணனுக்கு அந்தக் கணக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒரு தடவை கேட்டு வைத்தேன். “எட்டுப் போட்டு மூடினால் யாருக்கண்ணன் தெரியப் போகிறது?”

“எனக்குத் தெரியுமே, ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து உட்கார வேண்டாமா?” என்றார். மேலே எதுவும் சொல்லாமல் பம்பை எடுத்துக் காற்றடிக்கத் தொடங்கினார்.

குறை சொல்லாமல் விடவும் முடியாது. நாளைக்கு என்பார், நாளைக்குப் போனால் சைக்கிள் தலைகீழாகவே நிற்கும். உங்கள் பேச்சு உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் இருக்க வேண்டும் என்பதும் வேதத்தில்தானே இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்தார். பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. உருண்டை எண்ணுவதில் இருக்கிற பக்தி நாள் எண்ணுவதிலும் வந்தால் நன்றாக இருக்கும். உதவிக்கு நிற்கும் பையனுக்கு சாதாரணதரப் பரீட்சை வருகிறதென்று மூன்றரை மணிக்கே வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு வேலை இன்னும் மெதுவாகும். அந்தத் தாமதத்தை மட்டும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவசரமென்றால் காலையில் கடை திறந்தவுடன் போய் அங்கேயே நில்லுங்கள், முடித்துத் தருவார். பற்றுச்சீட்டுக் கிடையாது, கழற்றிய பழைய சாமான்களை ஒரு தாளில் சுற்றிக் கையில் தந்துவிடுவார். கூலி நியாயம். ரயரும் ரியூபும் அவரிடம் சற்று விலை கூட, அவற்றை நகரில் வாங்கிக்கொண்டு போனாலும் முகம் சுளிக்காமல் மாட்டித் தருகிறார்.